மூச்சு வாங்குவது வேறு, முட்டு வேறு

"ரெண்டு நாள் செய்தன் மிஸ், மூச்சு வாங்கிச்சு, அப்பை அழிச்சிட்டன்." கல்லடியிலிருந்து வந்த அக்கா கதிரையில் இருக்க முன்பே சொல்லிவிட்டார். எடை 92 கிலோ, சின்ன வயதிலிருந்து முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. மாரி மழைக்கு வெளியே நடக்க வழியில்லை என்று மகன்தான் போனில் உடற்பயிற்சி அப் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"நிப்பாட்டின பிறகு எவ்வளவு நேரம் இருந்தது?" என்றேன். "தண்ணி குடிச்சு முடியப் போயிட்டு." அப்படியென்றால் அது பெரும்பாலும் முட்டு இல்லை. வயிற்றுக் கொழுப்பு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைவு, கொஞ்சம் அசைந்தாலே மூச்சு வாங்கத்தான் செய்யும், நின்றதும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். முட்டு என்றால் நெஞ்சு இறுகும், இருமல் வரும், மூச்சு விடும்போது விசில் கேட்கும், அதுவும் பல பேருக்குப் பயிற்சியை நிறுத்தி 5, 10 நிமிடம் கழித்துத்தான் கூடும்.

சரி, அப்பிலும் பிழை இருக்கிறது. மூன்றாவது நிமிடமே துள்ளச் சொல்கிறது. வீடியோவில் இருக்கும் பிள்ளைக்கு உங்கள் மூச்சு கேட்காது, "இன்னும் பத்து" என்று எண்ணிக்கொண்டே போகும். துள்ளலை விட்டுவிட்டு முதல் 10 நிமிடம் நின்ற இடத்தில் மெதுவாக நடவுங்கள், பிறகு கதிரையில் எழும்பி இருப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும்.

இன்னொன்றையும் கேட்டேன், எத்தனை மணிக்குச் செய்வது என்று. பின்னேரம் ஆறரைக்காம், அதே அறையில் நுளம்புத்திரி கொளுத்தி வைத்துவிட்டு! மூடிய அறையில் அந்தப் புகையே முட்டைக் கிளப்பப் போதும்.

முட்டுக்குத் தினமும் எடுக்கச் சொன்ன பம்பை (இன்ஹேலரை), பயிற்சி தொடங்கிவிட்டோம் என்று நிறுத்தாதீர்கள். பயிற்சிக்கு 10, 15 நிமிடம் முன் நீலப் பம்ப் (மூச்சை உடனே இலகுவாக்கும் பம்ப்) வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். உடம்பு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டு நன்றாகக் கட்டுப்படுகிறது. அக்காவுக்கு அது கிட்டத்தட்ட 5 கிலோவிலேயே தொடங்குகிறது.

நீலப் பம்ப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அலுமாரியில் தொங்கும் பைக்குள் இல்லை. அதை எடுத்தும் ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாவிட்டால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.