பயந்தால் மறைந்துபோகும் ஆர்ட்

அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் 1999இல் தொடங்கிய ‘டிராகன் டேல்ஸ்’ கார்ட்டூன் தொடரில் ஆர்ட் என்றொரு டிராகன் வருவான். நீல நிறம், ஆஜானுபாகுவான உடம்பு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. ஆனால் இருட்டைக் கண்டால் நடுங்குவான். பயம் முற்றினால் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடுவான்.

பயந்த பிள்ளை அழும் என்றுதான் பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள். நிறையப் பிள்ளைகள் ஆர்ட் மாதிரி மறைகிறார்கள். படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் தாகம் எடுக்கும், வயிறு வலிக்கும், மூன்றாவது முறையாக ஒன்றுக்கு வரும். இதை அடம் என்று நினைத்துத் திட்டுகிறோம். பிள்ளை வளர்த்தியாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். “இவ்ளோ பெரிய பையன், வெக்கமா இல்ல?” என்று கேட்டால் பயம் போகாது, அதைச் சொல்வது மட்டும் நின்றுபோகும்.

ஆர்டின் நண்பர்கள் அவனைக் கேலி செய்வதில்லை. டிராகன்கள் அணிந்திருக்கும் பதக்கம், தங்களுக்குக் கடினமான விஷயத்தில் ஓரடி முன்னேறும்போது ஒளிரும். பயமே இல்லாதவனாக மாற வேண்டும் என்று யாரும் அவனிடம் கேட்பதில்லை. இந்த இடம் எங்களுக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் பிள்ளைகளின் பயத்துக்கு நாங்கள் தரும் சிகிச்சையிலும் இதைத்தான் செய்கிறோம்.

3 முதல் 6 வயதில் இருட்டுப் பயம் சகஜம். முதலில் பகலில், திரை போட்ட அறையில் டார்ச் அடித்துப் பொம்மை தேடும் விளையாட்டு, ஐந்து நிமிடம் போதும். பிறகு இரவில் சிறு விளக்கு எரிய, கதவு பாதி திறந்திருக்க, நீங்கள் கட்டிலருகே உட்காருங்கள். மூன்று நான்கு இரவு நிம்மதியாகப் போனால் நாற்காலியை வாசலுக்கு நகர்த்துங்கள். அதன்பின், “ரெண்டு நிமிஷத்துல வந்து பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போகலாம். சொன்னபடி இரண்டாவது நிமிடம் போய் நிற்க வேண்டும், பிள்ளை கூப்பிடாவிட்டாலும். கூப்பிட்டால்தான் வருவீர்கள் என்றால், அது கூப்பிடத்தான் பழகும். அடுத்து ஐந்து நிமிடம், பத்து நிமிடம்.

ஒரே ராத்திரியில் விளக்கை அணைத்துப் பழக்க நினைப்பதுதான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது. பிள்ளை அலறும், நாம் ஓடிப்போய் விளக்கைப் போடுவோம். இருட்டு நிஜமாகவே ஆபத்து, விளக்கு வந்ததால் தப்பித்தோம் என்று அதன் மனதில் பதியும். கட்டிலுக்கு அடியில் குனிந்து “பூதம் இல்ல பாரு” என்று காட்டுவதும் வேண்டாம். தேடிப் பார்க்கிறோம் என்றால் இருக்கக்கூடும் என்றுதானே அர்த்தம்? சோறு ஊட்டும்போது பூச்சாண்டியைக் கூப்பிடும் வீட்டில், இரவில் அவன் வரமாட்டான் என்று சொன்னால் எடுபடாது.

காலையில், “நேத்து பயமா இருந்துச்சு, ஆனாலும் அஞ்சு நிமிஷம் தனியா இருந்தே” என்று நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். பயம் ஆறு மாதத்தைத் தாண்டியும் தூக்கத்தையோ பள்ளியையோ கெடுத்தால், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.