‘சளி’ என்று சொன்னால் எனக்குப் போதாது

சென்ற மாரியில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, பேட்டுக்கோழி ஒன்றை உரப்பையில் போட்டு, பையின் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கோழிகளுக்கு வைத்தியம் பார்க்கும் என்னிடம் பஸ்ஸில் கொண்டுவந்தார். “சளி மகன். மூன்று நாளாக இழுக்கிறது” என்றார். பையை அவிழ்த்தபோது பேடு செத்திருந்தது. அலகின் ஓரத்தில் எண்ணெய் பிசுபிசுத்தது. தேங்காய் எண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி, காலையில் ஒரு கரண்டி தொண்டைக்குள் ஊற்றியிருக்கிறார். அறுத்துப் பார்த்தேன். மூச்சுக்குழாய் முழுக்க எண்ணெய். சளியும் இருந்தது, ஆனால் சாகிற அளவுக்கு இல்லை. அதை அவரிடம் சொல்வதா, விடுவதா என்று கொஞ்சம் தயங்கினேன். வீட்டில் இன்னும் பதினொரு கோழிகள் இருப்பதாகச் சொன்னார். அதனால் சொல்லிவிட்டேன்.

சுகமாக இருக்கும் கோழி ஒன்றின் வாயை ஒருமுறை திறந்து பாருங்கள். நாக்கு முடியும் இடத்தில், சற்றுப் பின்னால், ஒரு சிறு பிளவு திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். நமக்கு இருப்பதுபோல அதை மூடுவதற்கு மடல் கிடையாது. இரை விழுங்கும்போது தசை சுருங்கித்தான் அதை மூடுகிறது. மூச்சுக்குத் தவிக்கும் கோழி அந்தப் பிளவைத் திறந்தபடியே வைத்திருக்கும். அந்த நேரத்தில் நாம் ஊற்றும் எண்ணெயும் தேனும் கசாயமும் இரைப்பைக்குப் போகாமல் நேரே நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.

பிடிக்கிற விதமும் முக்கியம். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் இருக்கிறது. கோழிக்கு அது இல்லை. விலா எலும்பும் நெஞ்செலும்பும் முன்னும் பின்னும் அசைந்து, உடலுக்குள் இருக்கும் ஒன்பது காற்றுப் பைகளை விரித்துச் சுருக்குவதால்தான் மூச்சு ஓடுகிறது. நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் வாயும் மூக்கும் திறந்திருந்தாலும் கோழி மூச்சு முட்டிச் சாகும். பிள்ளைகள் ஆசையோடு பொத்திப் பிடிக்கும் குஞ்சுகள் கைக்குள்ளேயே செத்துப்போவது இதனால்தான். வருத்தமான கோழியைச் சிறகோடு சேர்த்து மெல்ல அணைத்து, நெஞ்சுப் பக்கத்தை விட்டுப் பிடியுங்கள். என்னிடம் கொண்டுவருவதானால் ஓட்டை போட்ட கடதாசிப் பெட்டியில் கொண்டுவாருங்கள், உரப்பை வேண்டாம்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் கோழியெல்லாம் நோய்க்கோழி அல்ல. கச்சான் என்ற சூட்டுக்காற்று வீசும் மாதங்களில் நடுப்பகலில் எல்லாக் கோழிகளும் அப்படித்தான் நிற்கும். அவற்றுக்கு வியர்க்காது, வாய்வழியே மூச்சு வாங்கித்தான் சூட்டை ஆற்றிக்கொள்கின்றன. சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கும், நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கிடைத்தால் சற்று நேரத்தில் சரியாகும். காலைக் குளிரிலும் வாய் திறந்தபடி, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் அது வேறு கதை.

சந்தேகமாக இருந்தால் இரவில் போய்க் கேளுங்கள். கோழிகள் அடைந்து ஒரு மணி நேரம் கழித்து, டோர்ச்சை அணைத்துவிட்டுக் கூட்டின் பக்கத்தில் பேசாமல் குந்தியிருங்கள். பகலில் கொக்கரிப்பிலும் கிளறலிலும் மறையும் சத்தம் அப்போது தனியாகக் கேட்கும். ஈரமான ‘களகள’, விசில் போன்ற இழுப்பு, தும்மல், தலையை உதறும் சத்தம். ஒரு கோழியா, நான்கு கோழிகளா என்றும் தெரிந்துவிடும். எனக்கு முதலில் வேண்டிய தகவல் இதுதான். மருந்தின் பெயரைப் பிறகு பேசலாம்.

ஏனென்றால் ‘சளி’ என்பது நோயின் பெயரே அல்ல. முகம் ஒரு பக்கமாக வீங்கி, கண் மூடி, மூக்கில் வடியும் நீர் கெட்ட வாடை வீசினால் நான் முதலில் நினைப்பது கொரைசா என்ற பாக்டீரியா நோய். ஒரு கோழிக்கு வந்து இரண்டு மூன்று நாளில் அடுத்ததற்கும் வரும். கண்ணோரத்தில் நுரை, வாரக்கணக்கில் விடாத களகளப்பு, ஆனாலும் தீன் தின்கிறது என்றால் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியாக இருக்கலாம். இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. சுகமாகிவிட்டதுபோலத் தெரியும் பேடு கிருமியை உடம்பிலேயே வைத்திருக்கும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கொடுக்கும். ‘தப்பிய கோழி, பலமான இனம்’ என்று அதன் முட்டையைத்தான் தேடி அடை வைக்கிறோம். வைக்காதீர்கள். முட்டை ஓடு திடீரென்று சுருங்கிக் கோணலாகி, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்; மூச்சுக்குழலைப் பிடிக்கும் ஒரு வைரஸ் முட்டைக் குழாயையும் கெடுக்கும். வாய்க்குள் மஞ்சள் படலம் ஒட்டியிருந்தால் அது அம்மையாக இருக்கலாம். கோழி அம்மை கொண்டையில் கொப்புளமாக மட்டும் வராது, தொண்டைக்குள்ளும் வரும். நுளம்பு பரப்புகிற நோய் என்பதால் மாரியில் கூடுதலாகப் பார்க்கிறேன். அந்தப் படலத்தை நகத்தால் உரிக்கப் போனால் இரத்தம் வழிந்து மூச்சடைக்கும்.

மூச்சிழுப்போடு பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கு, கால் இழுப்பு, அடுத்தடுத்து சாவு என்றால் ராணிக்கெட். 1920களில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இந்தியாவின் ராணிக்கெட்டிலும் கண்டறியப்பட்டதால் இதற்கு இரண்டு ஊர்ப் பெயர்கள். மருந்து மட்டும் ஒன்றுகூட இல்லை. நோய் வரும் முன்னர் போடும் தடுப்பு மருந்துதான் வழி. கூட்டில் பாதி செத்த பிறகு தடுப்பு மருந்து கேட்டு வருகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. அது எனக்கும் உதவுவதில்லை, அவர்களுக்கும் உதவுவதில்லை.

கிருமியே இல்லாமல் மூச்சு கெடும் வீடுகளும் உண்டு. கார்த்திகையில் மழை இறங்கியதும் கூட்டைச் சுற்றித் தறப்பாளால் இறுக்கி மூடிவிடுகிறோம். உள்ளே எச்சமும் ஈரமும் சேர்ந்து அமோனியா எழும்பும். சோதிப்பதற்குக் கருவி வேண்டாம். விடியற்காலையில் கோழி இருக்கும் உயரத்துக்குக் குனிந்து, தலையைக் கூட்டுக்குள் விட்டு மூச்சை இழுங்கள். உங்கள் கண் எரிந்தால், இரவு முழுக்க அதிலே படுத்த கோழியின் மூச்சுக்குழலில் தூசையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்கள் ஏற்கெனவே பழுதாகியிருக்கும். சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் மறையுங்கள், கூரைக்கு அடியில் ஒரு சாண் திறந்து விடுங்கள்.

உமியையும் பாருங்கள். நெல் விளைகிற மாவட்டத்தில் ஆலையிலிருந்து உமி மலிவாகக் கிடைக்கிறது, நல்ல படுக்கையும்தான். நனைந்து கறுத்துப் பூசணம் பிடித்த உமியைப் போட்டால் அந்தப் பூசணத்தின் வித்துகள் குஞ்சுகளின் காற்றுப் பையில் போய் வளரும். அந்தக் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், பெரும்பாலும் சத்தமே இருக்காது. சரியான சிகிச்சையும் இல்லை. அடுப்புப் புகையும் நுளம்புச் சுருளும் கோழிக்கு ஆகாதென்று நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இழுக்கும் கோழியைக் கண்டவுடன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தனியாக, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தண்ணீரும் தீனும் வேறு பாத்திரத்தில். சுகமான கோழிகளைப் பார்த்து முடித்த பிறகு கடைசியாக அதனிடம் போங்கள், கையையும் காலையும் கழுவுங்கள். மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் அன்டிபயோட்டிக் கப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்காதீர்கள். வைரஸ் நோய்க்கு அது எதுவும் செய்யாது, முட்டையில் மட்டும் மிஞ்சி உங்கள் பிள்ளையின் தட்டுக்கு வரும். நாங்கள் மருந்து தந்தால் எத்தனை நாள் முட்டையை விலக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாகுமுன் அறுத்து அயலுக்கு விற்பது, இறகையும் குடலையும் வாவிக்கரையில் வீசுவது ஆகிய இரண்டாலும் நோய் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு நடக்கிறது. ஒரே இரவில் பல கோழிகள் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடவே வேண்டாம். அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள், பறவைக் காய்ச்சலா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த அம்மாவின் பேரன் மறுநாள் இரவு எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினான். கூட்டின் பக்கத்தில் தொலைபேசியை வைத்து இரண்டு நிமிடம் பதிவு செய்திருந்தான். முதலில் தவளைச் சத்தம்தான் கேட்டது. பிறகு, தெளிவாக, இரண்டு கோழிகளின் களகளப்பும் ஒரு தும்மலும். கூட்டைச் சுற்றித் தறப்பாள் இருக்கிறதா என்று கேட்டேன். “நாலு பக்கமும் இருக்கிறது சேர்” என்றான். இரண்டு பக்கத்தை அப்போதே அவிழ்க்கச் சொன்னேன், இரண்டு கோழிகளையும் காலையில் கொண்டுவரச் சொன்னேன். பெட்டியில் எத்தனை ஓட்டை போட வேண்டும் என்று திருப்பிக் கேட்டான்.