செய்யுள்: கவிதைக்கு நம்மகிட்ட இருக்கிற சொல்

செய்யுள்னு சொன்னாலே நிறைய பேருக்கு ஸ்கூல் புக்ல இருந்த மனப்பாடப் பகுதிதான் ஞாபகம் வரும், அடி மாறிட்டா மார்க் போயிடுமேன்னு பயந்து பயந்து எழுதினது. எனக்கும் ரொம்ப வருஷம் அப்படித்தான். நானே எழுத ஆரம்பிச்ச அப்புறம்தான் இந்த சொல் மேல தனிப் பாசம் வந்துச்சு.

கவிதைங்கிறது சமஸ்கிருதத்துல இருந்து வந்தது. அங்க கவின்னா ஞானி, புலவர், கவிதான்னா கவியோட தன்மை, அவரோட ஆக்கம். தமிழ்ல கவின்னா எழுதுறவரும்தான் எழுதினதும்தான், நம்மாழ்வார் 'என் நாவில் இன்கவி'ன்னு பாட்டைத்தான் சொல்றாரு, கம்பர் கோதாவரி ஆத்தையே 'சான்றோர் கவி' மாதிரி கிடக்குதுன்னு பாடியிருக்காரு. இவ்ளோ காலம் நம்மகூட வாழ்ந்த சொல்லை விரட்டணும்னு நான் சொல்லல.

ஆனா செய்யுள்ங்கிற சொல்லோட அழகே வேற. செய் + உள். இந்த உள் 'உள்ளே' இல்லைங்க, வெறும் விகுதி, குறள்ல விக்கலை விக்குள்னு சொல்ற மாதிரி. செஞ்சது, அதான் அர்த்தம். செய்னா வயல்னும் ஒரு அர்த்தம் உண்டு, நன்செய் புன்செய்தான் பேச்சுல நஞ்சை புஞ்சை ஆச்சு. தொல்காப்பியத்துல செய்யுளியல்னு ஒரு இயலே இருக்கு, அதுல பாட்டோட நிக்காம உரை, பிசி (விடுகதைதான்), முதுசொல் (பழமொழி)னு மொத்தம் ஏழு வகையை சேர்த்திருக்காங்க. ஆக நம்ம பாட்டி சொல்ற பழமொழியும் அந்தக் கணக்குல வந்துடுது! பா, பாட்டுங்கிற சொல்லும் நல்ல தமிழ்தான், ஆனா அதுல ஓசைதான் முன்னாடி நிக்கும், செய்யுள்ல கை வேலை தெரியும்.

அம்மா போன அப்புறம் ஒரு கவிதை எழுதினேன். 'வெறுமையான சமையலறை'ன்னு ஒரு வரி, அன்னிக்கு ராத்திரி தானா வந்து விழுந்த மாதிரி இருந்துச்சு. சில நாள் கழிச்சு வாய்விட்டு வாசிச்சா அந்த 'வெறுமையான'ல ஒண்ணுமே இல்ல, யார் வீட்டுக்கு வேணா எழுதலாம். அடிச்சுட்டு திரும்பத் திரும்ப எழுதி, ஒரு வாரம் கழிச்சு இப்படி வந்துச்சு:

புளி ஜாடியில்
அவள் விரல் கிள்ளிய குழி

இப்போ அடுத்தவங்க கவிதையையும் வாய்விட்டுத்தான் வாசிக்கிறேன், எந்த சொல்லை அடிச்சுட்டு இந்த சொல்லை இங்க வச்சிருப்பாங்கன்னு தேடிக்கிட்டே.