ஸ்பாய்லர் மாட்டினால் காற்று அடங்குமா?

செகண்ட் ஹாண்டில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய தண்டையார்பேட்டை வாசகர் கேட்கிறார்: "பின்னால் பெரிய விங், கூரை ஓரத்தில் துடுப்பு மாதிரி சின்னத் தகடுகள் எல்லாம் மாட்டச் சொல்கிறார்கள். காற்றோட்டம் நிஜமாகவே சீராகுமா?"

ஆகும். ஆனால் வேகம் வேண்டும், மாட்டிய இடத்துக்குக் காற்று கலங்காமல் வந்து சேரவும் வேண்டும்.

வேகக் கணக்கு எளிது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.2 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள நல்ல விங், மணிக்கு 40 கிலோமீட்டரில் ஏறக்குறைய 2 கிலோ எடைக்குத்தான் காரை அழுத்தும். 120-ல் 16 கிலோ, 200-ல் 45. பேசின் பிரிட்ஜ் நெரிசலில் ஊர்கிற காருக்கு அது வெறும் சுமை.

அந்தச் சின்னத் தகடுகள்தான் எனக்குப் பிடித்த விஷயம். கூரையை ஒட்டி ஓடும் காற்றுப் படலம் உராய்வால் வேகம் இழந்திருக்கும். பின்கண்ணாடிச் சரிவில் இறங்க இறங்க எதிரே அழுத்தம் ஏறும். சோர்ந்த படலத்தால் அதைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. நின்று, திரும்பி, கண்ணாடியை விட்டு விலகிவிடும். காருக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த சுழல் உண்டாகி, வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடும் ஹேட்ச்பேக்கின் பின்கண்ணாடியைப் பாருங்கள், புழுதி அப்பியிருக்கும். டயர் கிளப்பும் தூசியை அந்தச் சுழல்தான் மேலே ஏற்றி அங்கே பூசுகிறது. பின்னால் வைப்பர் வைப்பது இதனால்தான்.

தகடு கொஞ்சம் சாய்ந்து நிற்கும். அதன் விளிம்பில் பிறக்கும் குட்டிச் சுழல், மேலே விரையும் காற்றைக் கீழே இறக்கி, சோர்ந்த காற்றை மேலே ஏற்றும். படலத்துக்குப் புதுத் தெம்பு கிடைக்கும்; விலகல் தள்ளிப்போகும். எத்தனை அழகான ஏற்பாடு! ஆனால் விலகும் இடத்துக்குச் சற்று முன்னால் இருந்தால்தான் பலன். மிட்சுபிஷி பொறியாளர்கள் 2004-ல் வடிவத்தையும் இடத்தையும் சோதித்துப் பொருத்தியபோதே இழுவை எண் (காற்று காரை எவ்வளவு பின்னிழுக்கும் என்பதன் அளவு) 0.006-தான் குறைந்தது. இன்றைய கார்களின் இழுவை எண் 0.3-ஐ ஒட்டியது. கடையில் வாங்கிக் கண்ட இடத்தில் ஒட்டினால் எவ்வளவு கிடைக்கும்?

பின்மூடி விளிம்பில் ஒட்டும் பட்டையான ஸ்பாய்லரின் வேலை வேறு: வேகத்தில் காற்று பின்பக்கத்தை மேலே தூக்காமல் அடக்குவது. 1998-ல் வந்த ஆடி டிடி, அதிவேகத்தில் திரும்பும்போது பின்பக்கம் பிடி இழந்து விபத்துகள் நடந்தன. நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து ஸ்பாய்லர் பொருத்தியது, சஸ்பென்ஷனையும் மாற்றியது. சரியான இடத்தில் சிறு பட்டை உயிர் காக்கும்.

வியாசர்பாடி ஒர்க்‌ஷாப்களில் தகரத்தை எந்த வடிவத்துக்கும் வளைக்கும் கைகள் இருக்கின்றன. அந்த வடிவம் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இடமில்லை. பொறியியல் கல்லூரிகளின் காற்றுச் சுரங்கங்களை இவர்களுக்கும் திறந்துவிட அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை கம்பளி நூல் போதும். விரல் நீளத் துண்டுகளைப் பின்கண்ணாடியின் வெளிப்பக்கம் வரிசையாக டேப் போட்டு ஒட்டுங்கள். மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் அனுமதித்த வேகத்தில் ஓட்டுங்கள். பின்சீட்டில் இருக்கும் நண்பர் உள்ளிருந்தே செல்போனில் படம் எடுக்கட்டும். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. துள்ளினால், முன்பக்கம் திரும்பினால், அங்கே விலகிவிட்டது. உங்கள் விங் அந்தக் கலங்கலுக்குள் நின்றால் உயரத்தை ஏற்றுங்கள், இல்லையென்றால் கழற்றிவிடுங்கள்.