தாலி கட்டும் நேரத்தில் நின்றுபோகும் வீடியோ

போன மாதம் கோவை சாய்பாபா காலனியிலிருந்து ஒரு அழைப்பு. பேசியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "தம்பி, மகள் கல்யாண வீடியோ டிவியில நின்னு நின்னு ஓடுதுங்க. இன்டர்நெட்டை 100-ல இருந்து 300 ஆக்கியாச்சு. அப்பவும் அதே கதைதான்" என்றார்.

வீடுகளுக்கு நெட்வொர்க் கேபிள் இழுப்பதும், கேட்பவர்களுக்குச் சின்னதாக ஒரு மீடியா சர்வர் (வீட்டு வீடியோக்களைச் சேமித்து டிவிக்கு அனுப்பும் பெட்டி) வைத்துக் கொடுப்பதும் என் தொழில். இதே புகாரை ஆள் மாற்றி, ஊர் மாற்றிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். யூடியூப் பார்த்துப் பழகிவிட்டோம். வீடியோ நின்றாலே கை தானாக இன்டர்நெட் பிளானைத் தேடிப் போகிறது. ஆனால் வீட்டு சர்வரில் இருக்கும் வீடியோ இன்டர்நெட் வழியாக வருவதே இல்லை. ஷெல்ஃபில் இருக்கும் பெட்டியிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து டிவி. அவ்வளவுதான் அதன் பயணம். வாசற்படியைக்கூடத் தாண்டுவதில்லை.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால், போனதும் முதலில் ரவுட்டருக்குள் வரும் இன்டர்நெட் ஒயரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். "சார், இப்போ வீட்ல நெட்டே இல்லை. போடுங்க பார்ப்போம்." வீடியோ ஓடியது. 1 மணி 52-வது நிமிடத்தில், கெட்டிமேளம் தொடங்கியதும், வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அம்மா உள்ளிருந்தே குரல் கொடுத்தார்: "பார்த்தீங்களா, சரியா தாலி கட்டற நேரத்துக்குத்தான் நிக்கும்!"

எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. வீடியோ நிற்கிறது என்று யார் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, ஒரே இடத்தில் நிற்கிறதா, இடம் மாறி மாறி நிற்கிறதா என்பதுதான். வைஃபை கோளாறு என்றால் ஒரு தடவை காப்புக் கட்டும்போது நிற்கும், மறு தடவை பந்தியில் நிற்கும். அதற்கு முகூர்த்த நேரம் தெரியாது. எப்போது போட்டாலும் அதே நிமிடத்தில் நிற்கிறது என்றால் சங்கதி பைலுக்குள் இருக்கிறது. ஒன்று பைல் கெட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் அது கேட்கும் வேகம், கொடுக்க முடிந்த வேகத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

அவர்கள் வீட்டில் மகன் வெளிநாடு கிளம்பும் முன் ஒரு மினி பிசியில் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளைப் போட்டு, டிவியிலும் அதன் ஆப்பை ஏற்றி, தரத்தை உச்சத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வீடியோ ஓடும்போதே ஆப்பின் மெனுவில் ஓட்டத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். 'டைரக்ட் பிளே' என்றிருந்தது. அதாவது சர்வர் பைலைத் தொடாமல் அப்படியே அனுப்புகிறது. பைல் 4கே, மூன்று மணி நேரம், 95 ஜிபி. கணக்குப் போடுவது சுலபம்: 95 ஜிபியை மெகாபிட் ஆக்கினால் ஏழு லட்சத்து அறுபதாயிரம், அதை 10,800 நொடிகளால் வகுத்தால் சராசரியாக 70 எம்பிபிஎஸ் வரும். (டாக்டர் படிப்பு அல்ல, நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அளவு.)

சராசரி 70. ஆனால் சராசரிதான் ஆளை ஏமாற்றுவது. வீடியோவைச் சுருக்கும் முறையே, முந்தைய ஃபிரேமிலிருந்து மாறாத பகுதியை மறுபடி எழுதாமல் விடுவதில்தான் இருக்கிறது. மணமகள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சிக்கு 30 எம்பிபிஎஸ்கூடத் தேவைப்படாது. கெட்டிமேளம் கொட்டும்போது என்ன நடக்கிறது? நானூறு பேர் ஒரே நேரத்தில் அட்சதை போடுகிறார்கள். ஒவ்வோர் அரிசியும் தனித்தனியாகப் பறக்கிறது, பூ இதழ்கள் வேறு. முந்தைய ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். அந்த அரை நிமிடத்துக்கு பிட்ரேட், அதாவது நொடிக்கு வேண்டிய மெகாபிட் அளவு, எகிறுகிறது. மழைக் காட்சியும் வாணவேடிக்கையும் இதே ஜாதிதான்.

அடுத்து வேகத்தை அளந்தேன். டிவிக்குப் போகும் லேன் கேபிளைப் பிடுங்கி என் லேப்டாப்பில் சொருகி, சர்வரை நோக்கிச் சோதித்தால் 940 எம்பிபிஎஸ். அருமையான கேபிள். அதே கேபிளைத் திரும்ப டிவியில் போட்டு, டிவியிலிருந்தே ஒரு சோதனை ஆப்பில் பார்த்தால் 94.

டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை. விலை உயர்ந்த 65 அங்குல டிவிகளில்கூட லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். ஓடிடி தளங்கள் 4கே படத்துக்குப் பெரும்பாலும் 15 முதல் 25 எம்பிபிஎஸ் அளவில்தான் கேட்கின்றன, அதற்கு இது தாராளம். அட்சதை விழும் கல்யாண வீடியோவுக்குத்தான் பற்றவில்லை. ஆப் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும் சில நொடி வீடியோ தீர்ந்ததும், சரியாக மாங்கல்யத்தில் வட்டம் சுற்றுகிறது.

லேன் கேபிளைக் கழற்றிவிட்டு, அதே அறையில் இருந்த ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் டிவியை இணைத்தேன். 310 வந்தது. ஒயரைவிட வைஃபை வேகமாக இருப்பதைத் தலைமையாசிரியரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. கூடவே, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 25 எம்பிபிஎஸ் சராசரிக்கு ஹெச்.265 (வீடியோவை இன்னும் நன்றாகச் சுருக்கும் முறை) நகல் ஒன்றையும் இரவு முழுக்க ஓடவிட்டு எடுத்தோம். 95 ஜிபி 34 ஜிபி ஆனது. சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் தூரத்தில் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மூல பைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். அதை வேறொரு டிஸ்கிலும் நகல் எடுத்து வையுங்கள்.

இதற்கு நேரெதிரான ஒரு வீடு ஆர்.எஸ்.புரத்தில். பையன் கல்லூரி மாணவன், நல்ல விவரமானவன். எல்லாப் படமும் ஓடுகிறது, ஒரு சில படங்கள் மட்டும் முதல் நிமிடத்திலிருந்தே திக்குகின்றன என்றான். சர்வரின் டாஷ்போர்டில் பார்த்தால் 'டிரான்ஸ்கோட்' என்றிருந்தது, பக்கத்திலேயே காரணமும் போட்டிருந்தது: சப்டைட்டில்.

டிரான்ஸ்கோட் என்பது, டிவிக்குப் புரியாத பைலைச் சர்வர் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டே அனுப்புவது. மொழிபெயர்ப்பாளர் பேச்சாளரைவிட மெதுவாக இருந்தால் கூட்டம் காத்திருக்க வேண்டியதுதானே. அதுதான் நடக்கிறது. சப்டைட்டிலில் இரண்டு வகை உண்டு. எழுத்தாக இருப்பதை டிவியே படத்தின் மேல் காட்டிக்கொள்ளும். ப்ளூரே வட்டிலிருந்து வருவது எழுத்தல்ல, ஒவ்வொரு வரியும் ஒரு படம். பல டிவி ஆப்களால் அதைக் காட்ட முடியாது. அதனால் சர்வர் ஒவ்வொரு ஃபிரேமையும் பிரித்து, வரியை அதன் மேல் ஒட்டி, மறுபடி சுருக்கி அனுப்புகிறது. இரண்டு வரி வசனத்துக்காக முழுப் படத்தையும் மறுபடி சமைக்கிற வேலை. படம் எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகத் தெரியும் வகை) என்றால் நிறத்தை மாற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும். சப்டைட்டிலை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். திக்கல் நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார். எழுத்து வகை சப்டைட்டிலைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு ரூபாய் செலவில்லை.

ஆடியோவாலும் இது நடக்கும். 2018 முதல் வந்த பல சாம்சங் டிவிகளில் டிடிஎஸ் என்ற ஒலி வகை கிடையாது. அது மட்டும் என்றால் சர்வருக்குப் பெரிய பாரமில்லை, பழைய பிராசசர்கூடத் தாங்கும்.

பிராசசர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆபீஸ்களிலிருந்து கழித்த கம்ப்யூட்டர்கள் ஏழெட்டாயிரத்துக்குக் கிடைக்கின்றன. சர்வருக்கு நல்லதுதான், நானே வாங்கிக் கொடுக்கிறேன். ஆனால் 'ஐ5' என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். இன்டெல் பிராசசருக்குள் வீடியோவுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. நாலாம் தலைமுறையில் அதற்கு ஹெச்.265 தெரியாது, ஏழாம் தலைமுறையிலிருந்து 4கே எச்டிஆர் படங்களில் வரும் 10 பிட் ஹெச்.265 வரை சமாளிக்கும். பழையதில் அந்தப் பாரம் முழுக்கப் பிராசசரின் தலையில் விழும், ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். சரியான பிராசசர் இருந்தும் கத்துகிறதா? ஜெல்லிஃபினில் ஹார்டுவேர் முடுக்கம் (வீடியோ வேலையை அந்தத் தனிப் பகுதியிடம் கொடுப்பது) தானாக இயங்காது, நாம்தான் அமைப்புகளில் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளெக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளில் அந்த வசதிக்குப் பணம் கட்டிய சந்தா வேண்டும். டாக்கருக்குள் (மென்பொருளைத் தனி அறை மாதிரி ஒதுக்கி ஓட்டும் முறை) நிறுவியவர்கள் கிராபிக்ஸ் சாதனத்தை டாக்கருக்குள் காட்டிக்கொடுக்க மறந்திருப்பார்கள். ஆர்.எஸ்.புரத்துத் தம்பியும் மறந்திருந்தான்.

கல்யாண வீடியோவில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. எடிட் செய்யாத மூலக் காட்சிகளைச் சிலர் ஹார்ட் டிஸ்கில் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இன்றைய கேமராக்கள் பலவற்றில் அவை நிற விவரம் கூடுதலாக இருக்கும் 4:2:2, 10 பிட் என்ற வகையில் பதிவாகியிருக்கும். நிறம் திருத்துவதற்கு அது வசதி. ஆனால் ஹெச்.264 என்ற பழைய சுருக்கும் முறையில் அந்த வகையைப் பிரிக்கும் திறன் சாதாரண டிவிகளின் சிப்பில் கிடையாது, உங்கள் மினி பிசியின் வீடியோ பகுதியிலும் பெரும்பாலும் இருக்காது. அதை டிவிக்கு அனுப்பிப் போராடாதீர்கள். வீடியோகிராஃபரிடமே டிவியில் பார்க்க ஒரு பிரதி கேளுங்கள்.

வட்டமும் சுற்றவில்லை, ஒலியும் சீராக இருக்கிறது, ஆனால் கேமரா பக்கவாட்டில் நகரும்போது மட்டும் படம் லேசாக உதறுகிறது என்று சிலர் சொல்வார்கள். சர்வரை விட்டுவிடுங்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். டிவித் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. ஆகவே ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையுமாகக் காட்டப்படுகிறது. கண்ணுக்கு அது உதறலாகப் படுகிறது. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மண்டப விளக்குகள் சிமிட்டாமல் இருக்கக் கல்யாண வீடியோவைப் பெரும்பாலும் 25 ஃபிரேமில் எடுப்பார்கள், அதுவும் 60-க்குள் ஒழுங்காக அடங்காது. டிவியிலோ ஆப்பிலோ ஃபிரேம் ரேட்டைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு இருக்கும், அதைப் போட்டால் போதும். இதற்காகப் புதுச் சர்வரே வாங்கியவரை எனக்குத் தெரியும்.

முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் திக்கினால், பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். மினி பிசியை டிவி ஸ்டாண்டுக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவையும் சாத்திவிடுகிறோம். ஏப்ரல், மே மாதங்களில் அது பாவம் என்ன செய்யும். ராஸ்பெர்ரி பை 80 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தினமும் நடுராத்திரியில் மட்டும் திக்கினால், வீடியோக்களுக்குச் சின்னச் சின்ன முன்னோட்டப் படங்கள் எடுப்பது போன்ற வேலைகளைச் சர்வர் அந்நேரத்துக்கு வைத்திருக்கும். நேரத்தை மாற்றிவிடலாம்.

இடம் மாறி மாறி நிற்பதுதான் வைஃபை. அதிலும் நான் அதிகம் பார்ப்பது, இன்டர்நெட் கொடுத்தவர் மாட்டிவிட்டுப் போன பெட்டியும் நாம் வாங்கிய ரவுட்டரும் இரண்டுமே வைஃபை கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள். சர்வர் ஒன்றில், டிவி இன்னொன்றின் 2.4 கிகாஹெர்ட்ஸில். ஃபிளாட் என்றால் அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான், அதில் பக்கத்து வீடுகள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. நடுவில் இரும்பு பீரோ இருந்தால் கேட்கவே வேண்டாம். பழைய லேன் கேபிளையும் நம்பிவிடாதீர்கள். ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டு ஒயரும் வேண்டும். எலி ஒன்றைக் கடித்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடலாம். இணைப்பு இருப்பதாகத்தான் காட்டும்.

ஹார்ட் டிஸ்க் மேல் பழி போடுபவர்களும் உண்டு. பழைய யூஎஸ்பி 2.0 டிஸ்க்கூட நொடிக்கு 30 மெகாபைட் கொடுக்கும், அது 240 எம்பிபிஎஸ். டிஸ்க் சாகக் கிடந்தால் ஒழிய அது காரணமாக இருப்பது அபூர்வம்.

சாய்பாபா காலனியில் அன்று சாயங்காலம் கெட்டிமேளம் தடையில்லாமல் ஓடியது. அம்மா இரண்டு தடவை போடச் சொன்னார். சார் மட்டும் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டு, தணிந்த குரலில், "அப்போ அந்த 300 பிளான்?" என்றார். 100-க்கே மாறிக்கொள்ளலாம் சார் என்றேன். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டியிருக்கிறாராம்.