ஆட்டிசம்: அம்மா தலையில் விழும் பழி

குழந்தைக்கு ஆட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் பேச்சிலும் வேறுபடும் மூளை வளர்ச்சி நிலை) என்று நான் சொன்ன மறு நிமிடமே, "எதனால வந்துச்சு டாக்டர்?" என்று கேட்பார்கள். கேட்பது பெரும்பாலும் பாட்டி. பதிலும் அவரிடமே தயாராக இருக்கும். கிரகணத்தன்று வெளியே போனாள், மாசமா இருந்தப்போ போனும் கையுமாகவே இருந்தாள், பிள்ளையை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். குழந்தையின் அம்மா வாயே திறக்கமாட்டார். அப்பா பற்றிப் பேச்சே எழாது. அவர் பெரும்பாலும் பில் கட்டப் போயிருப்பார்.

படித்தவர்களும் இந்தப் பழியைப் போட்டிருக்கிறார்கள். 1943-இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், பாசம் காட்டாத தாய்தான் காரணம் என்று மனநல நிபுணர்களே பேசினார்கள். 1977-இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவாக உருவான 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. இரு வகை இரட்டையரும் ஒரே வீட்டில்தான் வளர்கிறார்கள்; வித்தியாசம் மரபணு ஒற்றுமையில்தான். வளர்ப்பைச் சொல்லி வந்த வாதம் அதோடு ஆட்டம் கண்டது.

இன்று ஆட்டிசத்தோடு தொடர்புள்ள நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் தெரியவந்துள்ளன. சிலருக்கு ஒரே மரபணு மாற்றம் போதும்; பலருக்குச் சின்னச் சின்ன மாற்றங்கள் பல சேர்கின்றன. பெற்றோர் இருவரிடமும் இல்லாமல், விந்தணுவிலோ முட்டையிலோ புதிதாகத் தோன்றும் மாற்றங்களும் உண்டு. அப்பாவின் வயது ஏற ஏற அவை கூடும். (பாட்டி இதைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுவார்.) குறைமாதப் பிரசவம், கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம்.

தடுப்பூசி காரணமல்ல. தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வருமோ என்று 1998-இல் வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 12 குழந்தைகளை வைத்துச் சந்தேகம் கிளப்பிய கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்விலும் தொடர்பு இல்லை. 2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பி மறுத்தவர்கள் பலர். கர்ப்பத்தில் ருபெல்லா தாக்கினால் பிறக்கும் குழந்தைகளிடம் ஆட்டிசம் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. அதைத் தடுக்கும் ஊசியைத்தான் ஆட்டிசத்துக்குப் பயந்து வேண்டாம் என்றார்கள்!

டிவி, போன் விஷயத்துக்கு வருகிறேன். குறைக்கச் சொல்வேன், வீட்டில் பேச்சு கூடும் என்பதால். ஆனால் "போனை நிறுத்தினா பேசிடுவான், அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்" என்று ஒரு வருடத்தைக் கடத்துவதுதான் எனக்குக் கவலை. பேச்சு வருவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு பிஸ்கட் வேண்டும். டப்பாவை விரலால் காட்டி, அம்மா முகத்தையும் பார்க்கிறானா? அல்லது முகத்தைப் பார்க்காமலே அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் டப்பாமேல் வைக்கிறானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவன், பக்கத்து அறையில் விளம்பரப் பாட்டு கேட்டதும் ஓடுகிறானா? இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் சேர்ந்து தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்வோம். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் கிடைக்கும்.

காரணம் தேடி அலைபவர்களைப் பிடிக்கவே ஒரு கூட்டம் இருக்கிறது. முடியைப் பரிசோதித்து "உடம்பில் உலோகம் சேர்ந்திருக்கிறது" என்பார்கள், ஸ்டெம் செல் ஊசி என்பார்கள். இரண்டாலும் ஆட்டிசம் குணமாகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. உலோகம் நீக்கும் மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்கும் செயல்முறைப் பயிற்சிக்கும் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி) வையுங்கள்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று அம்மாக்கள் கிளம்பும்போது மெதுவாகக் கேட்பார்கள். மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால், அடுத்து பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வரலாம். மரபணு ஆலோசனை பெறலாம். பிறந்த குழந்தையை ஒன்பது மாதத்திலிருந்தே எங்களிடம் காட்டிக்கொண்டிருந்தால் போதும்.