காரைத் தாழ்த்துவதற்கு முன்பாகப் பின் இருக்கையில் ஒருமுறை உட்காருங்கள்

உயரத்தைக் குறைத்து 'ஸ்போர்ட்டி'யாக்குவதற்காக ஸ்பிரிங் வெட்டப்பட்ட நிலையில் இந்த ஒரு மாதத்தில் எங்கள் பணிமனைக்கு வந்த மூன்றாவது கார் அது. கோவையில் பல ஆண்டுகளாக சஸ்பென்ஷன் வேலை பார்த்துவரும் எனக்கு இது புதிதன்று. ஆனால் இந்த முறை காரோடு வந்திருந்த பாட்டியைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தியோடு வால்பாறைக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் கதவுக்கு மேலுள்ள கைப்பிடியை விடவே இல்லை என்று சொல்லி, சிவந்து கன்றியிருந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறது. ஓட்டிய மகனோ, "வளைவுல வண்டி நல்லாத்தான் நிக்குது சார், ஸ்பீட் பிரேக்கர்லதான் கொஞ்சம் தூக்கிப் போடுது" என்றார்.

காரை லிஃப்டில் ஏற்றிச் சக்கரங்கள் தொங்கியதும் முன்பக்க ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அது தாராளமாகச் சுழன்றது. சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போதும் ஸ்பிரிங் தன் இருக்கையில் இறுக்கமாக அமர்ந்திருக்க வேண்டும். அப்படித்தான் தயாரிப்பாளர் அதன் நீளத்தை நிர்ணயிக்கிறார். கட்டிங் மெஷினால் அறுத்த முனையில் நீலம் பாய்ந்திருந்தது; சூட்டில் அந்த இடத்து எஃகின் பதம் போய்விட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரின் தண்டில் எண்ணெய் கசிந்து, தூசியோடு சேர்ந்து கறுப்புச் சேறாக அப்பியிருந்தது. டயரின் உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. அந்த டயரோடு ஒரு குடும்பம் மலையிறங்கி வந்திருக்கிறது.

"கடினமாக இருந்தால்தான் ஸ்போர்ட்டி" என்ற நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் அது மீண்டும் மீண்டும் முளைத்து வருகிறது. கார் சாலையைப் பற்றிக்கொள்வது டயரின் வழியாக மட்டுமே. அந்த டயர் தரையை விட்டு எழும் ஒவ்வொரு கணமும் உங்களுக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் பந்தயக் கார்கள் கடினமான ஸ்பிரிங்குகளோடு ஓடுகின்றன என்றால், அந்தத் தளம் பந்தயத்துக்கென்றே சமமாகப் போடப்பட்டது என்பதுதான் காரணம். அதே ஸ்பிரிங்கை ஒட்டுப்போட்ட பொள்ளாச்சி சாலைக்குக் கொண்டுவந்தால், சக்கரம் ஒவ்வொரு ஒட்டிலும் துள்ளும். வளைவின் நடுவில் ஒரு ஒட்டு வந்தால் கார் பக்கவாட்டில் ஓர் அடி நகரும். ஓட்டுபவருக்கு அது பரபரப்பாகத் தோன்றலாம். டயர் தன் பிடியை இழக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

வெட்டுவதால் என்ன ஆகிறது என்பதையும் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கின் கடினம் அதில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கிறது. ஐந்து சுற்றில் ஒன்றை வெட்டினால் மீதமுள்ள நான்கு சுற்று 25 சதவீதம் கூடுதல் கடினமாகிவிடும். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்கு ஏற்ற வால்வுகளோடு அப்படியே இருக்கிறது. விசை கூடிய ஸ்பிரிங் திரும்பி எழுவதை அதனால் அடக்க முடிவதில்லை. இதோடு நிற்பதில்லை. மேல்நோக்கிச் சுமார் 80 மி.மீ. இயங்க இடமுள்ள ஒரு சிறிய காரை 40 மி.மீ. தாழ்த்தினால், பாதி இயக்கம் சாலையில் இறங்கும் முன்பே தீர்ந்துவிடுகிறது. பின் இருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்தால் கார், இயக்கத்தின் எல்லையில் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பின் மேலேயே குந்திவிடும். அதன் பிறகு அந்தக் குடும்பத்தைத் தாங்குவது ஸ்பிரிங் அல்ல, உள்ளங்கை அளவு ரப்பர்.

தாழ்த்தினால் வளைவில் சாய்வு குறையும் என்பதும் பாதி உண்மைதான். நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இணைந்த மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பைக் கொண்டது. அளவுக்கு மீறித் தாழ்த்தும்போது சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை மேலேறி, காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால் சாய வைக்கும் விசை கூடுகிறது. ஸ்பிரிங்கின் கடினம் அதை மறைத்துவிடுவதால் உரிமையாளருக்குத் தெரிவதில்லை. டோ அளவு, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, குலைந்து டயரின் உள்பக்கம் தேயும்போதுதான் தெரிகிறது. சக்கரக் கோணங்களைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் கருவியில் ஒவ்வொரு நாளும் இதைப் பார்க்கிறோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மெத்தென்று இருந்தால் குடும்பத்துக்குச் சுகம் என்று நம்பி, தளர்ந்துபோன ஷாக் அப்சார்பரோடு ஓட்டிக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். சாதாரணக் காரின் உடல் ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை அசையும்படி வடிவமைக்கப்படுகிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடலுக்கு மிகவும் ஒவ்வாதது நொடிக்கு 4 முதல் 8 முறை வரையான செங்குத்து அதிர்வு. வயதானவர்களின் இடுப்பு வலி அந்த எல்லையில் வருவது. குழந்தையின் வாந்தியோ இரண்டு நொடிக்கு ஒரு முறையோ அதைவிட மெதுவாகவோ வரும் ஊசலாட்டத்தால் கிளறப்படுவது. வளைவுக்கு வளைவு உடல் இப்புறமும் அப்புறமும் தள்ளப்படுவது அந்த வகை. ஆகவே ஸ்போர்ட்டியான ஓட்டமும் குடும்பச் சுகமும் ஒன்றையொன்று தின்னும் எதிரிகள் அல்ல. காரின் உடல் ஒரு குலுக்கலோடு அடங்கி நிற்பதே இரண்டுக்கும் வேண்டியது. அந்த வேலையைச் செய்வது ஷாக் அப்சார்பர்.

ஒரு நுட்பத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மாரிஸ் ஓலி என்னும் பொறியாளர் 1930-களிலேயே, பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக அசையும்படி அமைத்தால், மேட்டில் ஏறிய கார் முன்னும் பின்னும் ஊசலாடாமல் விரைவில் சமநிலைக்கு வரும் என்று காட்டினார். நான் மேலே சொன்ன காரில் முன்பக்கம் ஒன்றரைச் சுற்றும் பின்பக்கம் அரைச் சுற்றும் வெட்டியிருந்தார்கள். அந்த விகிதம் தலைகீழானதன் பலனைப் பின் இருக்கையில் இருந்தவர்கள் அனுபவித்தார்கள்.

எனவே "ஸ்போர்ட்டியாக மாற்ற வேண்டும்" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஓடோமீட்டர் அளவைத்தான். 70,000, 80,000 கிலோமீட்டர் ஓடிய காரில் ஷாக் அப்சார்பர், ஸ்ட்ரட் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் (அதன் இணைப்பில் இருக்கும் ரப்பர்), லிங்க் ராடு ஆகியவற்றைத் தயாரிப்பாளரின் அளவிலேயே புதிதாக மாற்றுங்கள். பாதிப் பேர் அதோடு நிறைவடைந்து போய்விடுகிறார்கள். தங்கள் கார் புதிதாக இருந்தபோது எப்படி ஓடியது என்பதையே அவர்கள் மறந்திருந்தார்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால், ஸ்பிரிங்கைத் தொடாமல், அதே உயரத்துக்கென்று செய்யப்பட்ட சற்று உறுதியான ஷாக் அப்சார்பரைத் தேர்ந்தெடுங்கள். பில்ஸ்டைன் நிறுவனத்தின் பி6 வகை அத்தகையது. பி8 வகை தாழ்த்திய காருக்கானது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வளைவில் சாய்வுதான் குறை என்றால் இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பார் சற்றுத் தடித்ததாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும் வேகத்தடையில் அது குறுக்கே வராது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டும் என்பதால் அதிலும் அளவு வேண்டும். தாழ்த்தியே தீருவேன் என்பவர்கள், உங்கள் மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் அதற்கு இணையான ஷாக் அப்சார்பரையும் சேர்த்து வாங்கி, 15, 20 மி.மீ. அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையில் செருகும் ரப்பர் வளையங்களை தயவுசெய்து வாங்காதீர்கள். அதுவும் சுற்றுகளைக் கட்டிப்போட்டு ஸ்பிரிங்கைக் கடினமாக்கும் வேலைதான்.

டயரை மறந்துவிட்டு சஸ்பென்ஷனைப் பேசுவதில் பயனில்லை. 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் சுமார் 120 மி.மீ.; தோற்றத்துக்காக 205/45 ஆர்17-க்கு மாறினால் அது 92 மி.மீ. ஆகிறது. குழியின் முதல் அடியை வாங்கிக்கொள்ளும் 28 மி.மீ. காற்றையும் ரப்பரையும் நீங்கள் காசு கொடுத்துக் கழற்றி எறிகிறீர்கள். இருக்கும் அளவிலேயே நல்ல டயர் போட்டு, ஓட்டுநர் கதவுத்தூணில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்றடித்தாலே ஸ்டியரிங்கில் வித்தியாசம் தெரியும்.

புதுக் கார் வாங்கச் செல்பவர்கள் ஷோரூமைச் சுற்றியுள்ள நல்ல சாலையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டாதீர்கள். பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பின் இருக்கையில் நீங்களே உட்கார்ந்து, வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள். இந்திய சாலைப் பேரவையின் நெறிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்படி இருக்க வேண்டும். உங்கள் தெருவில் இருப்பது அப்படி இருக்காது என்பதால், உங்கள் தெரு வேகத்தடையிலேயே சோதியுங்கள். ஏறி இறங்கியபின் கார் ஒரே அசைவில் அடங்குகிறதா, இரண்டாவது முறையும் எழுகிறதா என்று கவனியுங்கள். ஜீப் காம்பஸ் போன்ற சில கார்களில் அதிர்வின் வேகத்துக்கேற்ப இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர்கள் வருகின்றன. ஸ்போர்ட்டியான ஓட்டம், குடும்பச் சுகம் என்ற இரண்டு தேவையும் சமமாக உள்ளவர்கள் அப்படிப்பட்டதற்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறில்லை.

அந்தக் குடும்பத்தின் காருக்கு நிறுவனத்தின் அசல் ஸ்பிரிங்குகளும் புது ஸ்ட்ரட்டுகளும் போட்டிருக்கிறோம். இத்தகைய வேலைக்குக் கார் கொடுக்கும் எல்லோரும் மெக்கானிக்கிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளைக் கார் லிஃப்டில் தொங்கும்போதே இறுக்கிவிடாமல், நான்கு சக்கரத்திலும் எடை இறங்கிய பிறகுதான் இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து விரைவில் கிழிந்துவிடும். அதன் பிறகு அலைன்மென்ட் பார்த்து, அச்சிட்ட அளவுத்தாளைக் கையில் வாங்காமல் காரை எடுத்துச் செல்லாதீர்கள்.